எட்டுப் பவுண்டு

மன்ரோவியா, கலிஃபோர்னியா
12 அக்டோபர் 1937

அன்புள்ள ஐடா அக்காவுக்கு,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துவிடுங்கள். மணி பன்னிரண்டரை. ரூத்தி இப்போதுதான் கண்ணயர்ந்தாள். ஐந்து மாதத்தில் பல் முளைக்குமா என்று புத்தகத்தில் தேடினால் ஒரு பக்கத்தில் முளைக்கும் என்கிறார்கள், அடுத்த பக்கத்தில் முளைக்காது என்கிறார்கள். ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குளிர் வருவதற்குள் கம்பளிப் பட்டை வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு நல்ல செய்தி. உங்கள் தம்பிக்குச் சினிமாவில் வேலை கிடைத்திருக்கிறது. சிரிக்காதீர்கள். குதிரைப் பந்தயத்தை வைத்து ஒரு காதல் படம் எடுக்கிறார்கள். காதலர்கள் வேலியோரம் நின்று சண்டை போட்டால்தான் குதிரை ஓடுமாம், கொஞ்சினால் நின்றுவிடுமாம். அவ்வளவுதான் கதை. கதாநாயகனுக்குக் குதிரை என்றாலே வியர்க்கிறது, அதனால் சேணத்தில் தெரியும் முதுகு டெல்பர்ட்டுடையது.

எனக்கு இனிப்பது வேறு விஷயம். கதாநாயகன் ஆஜானுபாகு. டெல்பர்ட்டுடைய முதுகு அவனுக்குப் பொருந்தவில்லை என்று, புத்தாண்டுக்குள் 130 பவுண்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது 114. பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கி 130 பவுண்டு ஆகிவிட்டால் அப்புறம் எந்தப் பந்தயத்திலும் ஏற்ற மாட்டார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா! ஜூனில் விழுந்தபோது இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்தாரே, அன்று ரூத்திக்கு மூன்று வாரம். கண் திறந்ததும் "இனிப் பந்தயத்துல ஏற மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தார். வாக்கை விடத் தொப்பையை நம்பலாம், அக்கா. கல்லூரியில் நாலு வருஷம் உணவியல் படித்ததற்கு இப்போதுதான் உபயோகம் வந்திருக்கிறது. உங்கள் அம்மா செய்துவந்த கோழிக்குழம்பு மாவுருண்டைக்குச் செய்முறை எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அடீல்

*

லெக்சிங்டன், கென்டக்கி
26 அக்டோபர் 1937

அடீல் கண்ணுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியே இருக்கிறது, அதற்கும் எனக்கும் பழகிவிட்டது. குழந்தையின் ஈறை விரலால் தடவிப் பார், சொரசொரப்பாக இருந்தால் பல். புத்தகத்தை மூடி வை.

செய்முறை பின்பக்கத்தில். மாவைப் பிசையாதே, தொட்டும் தொடாமலும் கலக்க வேண்டும். மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தால் உருண்டை கல்லாகிவிடும். நீ திறந்து பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும்.

டெல்பர்ட்தான் நம் குடும்பத்துக்கு முதல் சினிமாக்காரன். முதுகாவது தெரியட்டும். அவன் சாப்பிடுவதைப் பற்றி நீ ரொம்பக் கணக்கு வைத்துக்கொள்ளாதே. எங்கள் வீட்டு ஆண்கள் தட்டில் பத்தாவது வயதிலிருந்தே யாராவது ஒருவர் கண் வைத்திருக்கிறார்கள்.

மூன்று பெட்டைக்குதிரைகள் சினையாக இருக்கின்றன. வேலை தலைக்கு மேல்.

ஐடா

*

மன்ரோவியா
10 நவம்பர் 1937

அன்புள்ள ஐடா அக்காவுக்கு,

ஈறு சொரசொரக்கிறது! உங்களுக்கு ஒரு முத்தம். முழங்காலை அலட்சியம் செய்யாதீர்கள்.

மாவுருண்டை கல்லாகவில்லை, ஒரே ஒரு முறைதான் திறந்தேன். டெல்பர்ட் இரண்டு தட்டு சாப்பிட்டார். ரொட்டி, கொழுப்புக் குழம்பு, பீக்கன் கொட்டை வைத்த இனிப்பு எல்லாம் தினமும் உள்ளே போகிறது. திங்கட்கிழமை தோறும் தீவனக்கடைத் தராசில் ஏற்றுகிறேன். 114. அடுத்த திங்கள் 114. இந்தத் திங்களும் 114. ரூத்திகூட ஒண்ணே கால் பவுண்டு ஏறிவிட்டாள். அவள் குடிப்பது வெறும் பால்.

படப்பிடிப்பும் ஒரு அடி நகரவில்லை. போன வியாழன் தூக்குக் கூடையில் ரூத்தியோடு போய்ப் பார்த்தேன். கதைப்படி முதல் பந்தயத்தில் இவர் குதிரை தோற்க வேண்டும். காப்பர் கெட்டில் என்று பெயர், ஆறு வயது, ஹாலரன் என்பவருடையது. பந்தயங்களில் ஒன்றும் கிழிக்கவில்லை என்று சினிமாவுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். இங்கே அது தோற்க மாட்டேன் என்கிறது. பதினாலு முறை எடுத்தார்கள், பதினாலு முறையும் ஜெயித்தது. வெயிலில் என் ரவிக்கை முதுகோடு ஒட்டிவிட்டது.

டைரக்டர் ஒலிபெருக்கியை எறிந்துவிட்டு வந்தார். "ஏம்ப்பா, ரெண்டாவதா வரச் சொன்னா அவ்ளோ கஷ்டமா? ஊர்ல எல்லாரும் அதைத்தானே பண்றாங்க!"

"எனக்குக் கஷ்டமில்லீங்க. அவனுக்குத்தான் கஷ்டம்" என்று குதிரையைக் காட்டினார் டெல்பர்ட்.

"கடிவாளத்தை இழுத்துப் பிடிய்யா!"

"என் கையைப் பாருங்க சார்." உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தது.

எல்லோரும் சிரித்தார்கள், டெல்பர்ட்டும் சிரித்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், முடியவில்லை. அன்று இரவு ஹாலரன் வந்து வாசலில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். என்ன விஷயம் என்று கேட்டதற்கு "லாடம்" என்றார். ஒரு மணி நேரமா லாடத்தைப் பற்றிப் பேசுவார்கள்?

அவர் உங்களுக்கு ஏதாவது எழுதினாரா?

அன்புடன்,
அடீல்

*

லெக்சிங்டன்
22 நவம்பர் 1937

அடீல் கண்ணுக்கு,

எல்லோரும் சுகம். இங்கே முதல் பனி விழுந்துவிட்டது.

டெல்பர்ட் பிறந்த நாளுக்கு ஒரு கம்பளிக் கோட்டு தைத்து அனுப்பியிருக்கிறேன். தோள்பட்டை எலும்பு முறிந்த இடத்தில் குளிர் ஏறாமல் இருக்கும். தபாலாபீசில் நிறுத்தார்கள், நாலு பவுண்டு. போட்டுக்கொள்ளட்டும். துவைக்க வேண்டாம், உள்துணி சுருங்கிவிடும். தட்டிப் போட்டால் போதும்.

லாடத்தைப் பற்றி ஒரு மணி நேரம் தாராளமாகப் பேசலாம்.

ஐடா

*

மன்ரோவியா
9 டிசம்பர் 1937

என் அருமை ஐடா அக்காவுக்கு,

122! நூற்று இருபத்திரண்டு! தராசு முள் 126-இல் நின்றது, கோட்டுக்கு நாலு பவுண்டை நானே கழித்துவிட்டேன், படித்தவள் அல்லவா. ஒரே மூச்சில் எட்டுப் பவுண்டு! தீவனக்கடைக்காரர் "என்னம்மா, வீட்டுக்காரருக்கும் என் மூட்டைதானா?" என்று கேலி செய்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உங்கள் கோட்டு எங்களுக்கு ராசி. அவர் அதைக் கழற்றுவதே இல்லை. பட்டப்பகல் வெயிலில், எலுமிச்சை மரத்தடியில், கழுத்து வரை பித்தானைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். "கழற்றுங்களேன்" என்றால் "அக்கா தைச்சது" என்கிறார். இப்படி ஒரு பாசமா!

டைரக்டர் தோற்றுவிட்டார். குதிரை முதல் பந்தயத்திலும் ஜெயிப்பது மாதிரி கதையை மாற்றிவிட்டார்கள்.

உங்களுக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள். கிறிஸ்துமஸுக்கு ஆரஞ்சு ஒரு பெட்டி அனுப்புகிறேன். உங்கள் முழங்காலுக்கு என் பிரார்த்தனை.

சந்தோஷத்துடன்,
அடீல்

*

மன்ரோவியா
3 ஜனவரி 1938

அன்புள்ள ஐடா அக்காவுக்கு,

ஆரஞ்சு வந்து சேர்ந்ததா? ஐந்து வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. பெட்டைக்குதிரைகளுக்கு ஜனவரியில் பேறுகாலம் என்று தெரியும், ஆனால் ஒரு தபாலட்டை எழுத எவ்வளவு நேரமாகும்? உடம்பு சரியில்லை என்றால் யாரிடமாவது சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது காசநோய் இருந்ததா?

டிசம்பர் கடைசித் திங்கள் 119. இன்று 117. நான்கு முட்டை சாப்பிடுகிறார், அரை மணியில் பின்பக்கம் போகிறார், வந்ததும் கண் சிவந்திருக்கிறது. விடியற்காலை ஓடப் போகிறார், அந்தக் கோட்டோடுதான். "முதுகுக்காரனுக்கு மூச்சு வேணும்" என்கிறார். தலையணை உறையெல்லாம் வியர்வை. கன்ன எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. என் பாடப்புத்தகத்தில் இத்தனையும் ஒரே பக்கத்தில், ஒரே நோயின் கீழ் வருகிறது. ரூத்தியை அவர் பக்கத்தில் படுக்கவைக்கப் பயமாக இருக்கிறது. அப்படிப் பயப்படுகிறேன் என்று அவரிடம் சொல்லவும் முடியவில்லை. தொட்டிலை அடுக்களைக்கு மாற்றிவிட்டு, அங்கே காற்றோட்டம் நல்லது என்று பொய் சொன்னேன்.

டாக்டரிடம் வரமாட்டேன் என்கிறார். சொன்னதையே சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது. அவர் ஒரு பேச்சுக்காவது மசிவது உங்களிடம்தான். நீங்கள் சொல்லுங்கள்.

அடீல்

*

லெக்சிங்டன்
12 ஜனவரி 1938

அடீல் கண்ணுக்கு,

ஆரஞ்சு வந்தது, நன்றி. இரண்டு குட்டி பிழைத்தது, ஒன்று போய்விட்டது. எழுத முடியவில்லை.

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நெஞ்சு நோய் கிடையாது. அவனுக்கும் கிடையாது. அதை நம்பு. தொட்டிலைப் பழைய இடத்திலேயே போடு. பிப்ரவரி போனால் அவன் முகம் தேறிவிடும்.

இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

ஐடா

*

மன்ரோவியா
19 ஜனவரி 1938

ஐடா அக்காவுக்கு,

உங்கள் நலத்தை இன்று விசாரிக்கவில்லை.

"பிப்ரவரி போனால்" என்று எழுதியிருந்தீர்கள். பிப்ரவரியில் என்ன இருக்கிறது என்று மூன்று நாள் யோசித்தேன். நேற்று மாலை தெரிந்தது.

நான் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தேன். கோட்டு நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது, அவர் குளித்துக்கொண்டிருந்தார். ரூத்தி தவழ்ந்து போய் அதை இழுத்துப் போட்டுவிட்டாள். திரும்பிப் பார்த்தபோது எதையோ வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருக்கிறாள், புதுப் பல் இரண்டும் பதிய. விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறத் தகடு. ஈயம். குறைந்த எடையுள்ள ஜாக்கிகள் சேணத் துணியில் செருகிக்கொள்வார்களே, அந்த ஈயம்.

கோட்டின் உள்துணியைப் பிரித்தேன். எட்டுப் பைகள், பைக்கு ஒரு பவுண்டு. ஒவ்வொரு பைக்கும் மூடி, மெழுகு நூலால் இரட்டைத் தையல், மூலைகளில் குறுக்குப் பின்னல். ரூத்திக்கு நீங்கள் அனுப்பிய மெத்தை விரிப்பின் மூலைகளிலும் அதே பின்னல்தான். பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

தலை ஈரத்தோடு வந்தார். எட்டையும் அவர் தட்டில் அடுக்கிவைத்திருந்தேன்.

"இது என்னது?"

"ஈயம்."

"எங்க இருந்துச்சு தெரியுமா?"

"கோட்டுல. அடீல், நான் சொல்லிரலாம்னுதான்..."

"கோட்டுல இல்ல. உங்க பொண்ணு வாயில."

அக்கா, ஜூனில் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது பார்த்த முகத்தை விட அந்த முகம் மோசமாக இருந்தது. குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்தார். சட்டை போடாமலேயே டாக்டர் வீட்டுக்கு ஓடினார், நான் பின்னாலேயே.

வெறுமனே கடித்ததோடு நின்றிருந்தால் ஆபத்தில்லை, விழுங்கியிருந்தால் சொல்ல முடியாது, ஈய விஷம் ஏறினால் ஈறில் நீலக்கோடு வரும், ஆறு வாரம் தினமும் பாருங்கள் என்றார் டாக்டர். தினமும் பார்ப்பதற்கு அவர் எனக்குச் சொல்லவே வேண்டியதில்லை.

வரும் வழியில் எல்லாவற்றையும் சொன்னார். காப்பர் கெட்டில் ஒன்பதாவது முறை ஓடியபோது நேரத்தைக் கடிகாரத்தில் கணக்குப் பார்த்த ஹாலரனால் அந்த வேகத்தை நம்ப முடியவில்லையாம். பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை பெரிய பந்தயத்தில் அதை இறக்குகிறார். டெல்பர்ட்தான் ஏற வேண்டும், வேறு யார் கைக்கும் அது அடங்கவில்லை. அந்தப் பந்தயத்தில் ஜாக்கியும் சேணமும் சேர்ந்து 112 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. அவருடைய உண்மையான எடை இப்போது 109. நான் சமைத்த ஒவ்வொரு வேளைச் சோற்றையும் பின்பக்கம் போய்க் கக்கியிருக்கிறார்.

காசநோயா என்று நான் உங்களைக் கேட்டேன். என் குழந்தையை அதன் அப்பாவிடமிருந்து தள்ளிப் படுக்கவைத்தேன். உங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "அதை நம்பு" என்று எழுதினீர்கள். நான் கோட்டுக்கு நாலு பவுண்டு கழித்துவிட்டு, ஈயத்தின் எடையைக் கொண்டாடி உங்களுக்கு ஆரஞ்சு அனுப்பினேன்.

"நான் ஏறலை. சத்தியமா ஏறலை" என்கிறார். ஜூனிலும் இதையேதான் சொன்னார்.

அடீல்

*

லெக்சிங்டன்
28 ஜனவரி 1938

அடீலுக்கு,

ஈறில் கோடு வந்ததா? மற்றதைப் படிப்பதற்கு முன் அதை ஒரு தபாலட்டையில் எழுதிப் போட்டுவிடு. நான் இங்கே சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

பைகளைத் தைத்தது நான்தான், ஈயத்தை அவன் அங்கே செருகிக்கொண்டான். எதற்கு என்று தெரிந்துதான் தைத்தேன். லாயத்து முகவரியிலிருந்து எனக்கு எழுதினான், நானும் அங்கேயே பதில் போட்டேன். குழந்தை தவழும் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன், மன்னிப்பு அதற்குப் போதாது.

நீ கேட்காததைச் சொல்கிறேன். எங்கள் அப்பாவும் ஜாக்கி. எனக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது அவர் விலா மூன்று உடைந்தது. அம்மா அழுது நிறுத்தினாள். அவரும் நிறுத்தினார், அம்மாவிடம் கோபம்கூடப் படவில்லை. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் உயிரோடு இருந்தார். சாப்பிட்டார், வேலைக்குப் போனார், வந்தார். உப்பு வேண்டுமென்றால் கையை நீட்டுவார். டெல்பர்ட் அவர் குரலையே சரியாகக் கேட்டதில்லை. அம்மா கடைசியில் சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள். நீயும் அப்படி உட்காரக்கூடாது என்று நினைத்தேன். ஒரு பந்தயம் ஓடிவிட்டு வரட்டும், அப்புறம் அவனே விடுவான் என்று நினைத்தேன். எனக்குப் படிப்பு இல்லை, தைக்கத்தான் தெரியும்.

ஐடா

*

மன்ரோவியா
7 மார்ச் 1938

அன்புள்ள ஐடா அக்காவுக்கு,

கோடு வரவில்லை. போன புதன்கிழமையோடு ஆறு வாரம் முடிந்தது, டாக்டர் ரூத்தியைத் தலைகீழாகத் தூக்கிப் பார்த்துவிட்டு "போய்ட்டு வாம்மா ராசாத்தி" என்று அனுப்பினார். நடுவில் நான் போட்ட தபாலட்டைகளில் "கோடு இல்லை" என்பதைத் தவிர ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கோபத்தில்தான் அப்படிச் செய்தேன். உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியது ஒரு மிரட்டலாகப் பட்டது, கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

அவர் ஏறவில்லை. இந்த முறை வாக்கைக் காப்பாற்றினார். டாக்டர் வீட்டிலிருந்து வந்த மறுநாள் காலையிலேயே ஹாலரனிடம் போய்ச் சொல்லிவிட்டார். ஹாலரன் எங்கள் வாசலுக்கு வந்து என்னிடம் கத்தினார். "இருபது வருஷத்துல ஒரு குதிரை வந்துச்சும்மா எனக்கு. ஒண்ணே ஒண்ணு!" நான் ரூத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு "எனக்கும் ஒண்ணுதான் சார் வந்துச்சு" என்றேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கெல்லாம் எனக்கு என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

பந்தயத்தன்று நாங்கள் மூவரும் வேலியோரம் நின்றோம். வீட்டில் இருக்கலாம் என்றேன், கேட்கவில்லை. வேறு ஒரு பையன் ஏறினான். முக்கால் தூரம் முதலில் வந்த குதிரை ஐந்தாவதாக முடித்தது. டெல்பர்ட் ரூத்தியின் தொப்பியைச் சரிசெய்தார்.

"ரொம்ப முன்னாடியே சாட்டையால அடிச்சுட்டான்" என்றார்.

அக்கா, பத்து நாளாக அவர் என்னிடம் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். அதுகூட என்னிடமா என்று தெரியவில்லை.

படத்தின் கடைசிக் காட்சியைச் செவ்வாய்க்கிழமை எடுத்தார்கள். கதாநாயகன் குதிரையை விட்டுவிட்டுக் கதாநாயகியிடம் வருகிறான். "போகட்டும், எனக்கு நீதான் வேணும்" என்று அவன் சொன்னதும் அவள் பாய்ந்து கட்டிக்கொள்கிறாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது என்று டைரக்டர் கை தட்டினார். டெல்பர்ட் ஓரமாகக் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கை அதன் கழுத்திலேயே இருந்தது.

இப்போது வைத்ததையெல்லாம் சாப்பிடுகிறார். பின்பக்கம் போவதில்லை. கோட்டு இல்லாமல் போன வாரம் 121, இந்த வாரம் 124. திங்கட்கிழமை நான் சொல்வதற்கு முன்பே தராசில் ஏறி நிற்கிறார், முள்ளைப் பார்ப்பதில்லை. "எத்தனை?" என்று கேட்பதும் இல்லை. கேட்டதற்குப் பதில் தலையசைப்பு. கோபமில்லை, முகத்தில் ஒன்றுமே இல்லை. ரூத்தியிடம் மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் உள்ளே நுழைந்ததும் நிறுத்திவிடுகிறார். நேற்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் பக்கத்தில் இருந்த உப்புக்கு வாய் திறக்காமல் கையை நீட்டினார். உங்கள் கடிதத்தைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன்.

நான் செய்தது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. நாளைக்கே திரும்ப வந்தாலும் அதையேதான் செய்வேன். அவர் உயிரோடு இருக்கிறார், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் பதினோரு வருஷத்தை என்னால் தாங்க முடியாது, அக்கா. பத்து நாளிலேயே நான் கரண்டிகளோடு பேச ஆரம்பித்துவிட்டேன்.

அவருக்கு எழுதுங்கள். வீட்டுக்கு வேண்டாம், முன்பு மாதிரி லாயத்து முகவரிக்கே எழுதுங்கள். குதிரையைப் பற்றி எழுதுங்கள். அந்தப் பையன் எந்த இடத்தில் அடித்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். லாடத்தைப் பற்றிக் கேளுங்கள். என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டுங்கள், அவரும் என்னைத் திட்டட்டும், யாரிடமாவது வாயைத் திறக்கட்டும். என்ன எழுதினீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். பதில் வந்தால் என்னிடம் சொல்லவும் வேண்டாம்.

எனக்குச் சொல்லாமல் அவருக்கு எழுதியதற்காக உங்களிடம் கோபப்பட்டேன். இப்போது அதையேதான் செய்யச் சொல்கிறேன். தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள்
அடீல்